கார் ஸ்க்ரீனில் எது யாருடைய வேலை?

"ஸ்க்ரீன் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பல கார்களில் ஸ்க்ரீனில் ஒரு கோளாறும் இருக்காது. மேப் நின்றுவிட்டது என்பார்கள், நின்றது போனில். நான் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லை என்பார்கள். போயிருப்பது கூரை விளக்குக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் குட்டி மைக். ரிவர்ஸ் போட்டால் கறுப்பாக வருகிறது என்பார்கள். டிக்கிக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீல் பக்கத்தில் கேமரா வயர் அறுந்திருக்கும். கார் ஆடியோ, எலக்ட்ரிக்கல் வேலைதான் என் பிழைப்பு. ஸ்க்ரீனில் தெரிவதெல்லாம் ஸ்க்ரீனுக்குள்ளேதான் நடக்கிறது என்று நம்புவதால் எத்தனை பேர் வீண் செலவு செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் பெட்டி ஒன்று. நாங்கள் ஹெட் யூனிட் என்போம், நிறையப் பேர் செட் என்பார்கள். ரேடியோ, பென்டிரைவ் பாட்டு, சவுண்ட் செட்டிங், ப்ளூடூத் எல்லாம் அதன் பொறுப்பு. இரண்டாவது, உங்கள் போன். மூன்றாவது, கார். கதவு திறந்திருக்கிறது, டயரில் காற்று குறைவு, ஏ.சி. 24 டிகிரி என்பதையெல்லாம் காரில் ஆங்காங்கே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒரு ஜோடி வயர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்று பெயர். பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்தியது. அந்தப் பேச்சைக் கேட்டுப் படமாகக் காட்டுவதுதான் செட்டின் வேலை.

எந்தப் பிரச்சினை வந்தாலும் "இது மூவரில் யாருடைய வேலை?" என்று முதலில் கேளுங்கள். பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்து இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். போனில் ப்ளூடூத், வைஃபை இரண்டையும் அணைத்து, கேபிளையும் உருவிவிடுங்கள். இப்போது ஸ்க்ரீனில் மிச்சம் இருப்பது எல்லாம் செட்டும் காரும் சேர்ந்து தருவது. காணாமல் போனது எல்லாம் போன் தந்தது. ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பாருங்கள், நிதானமாக. ஸ்க்ரீனில் வரும் ஏ.சி. பட்டன்கள்கூடப் பல கார்களில் வெறும் ரிமோட் மாதிரிதான்; ஏ.சி.யை நடத்துகிற கம்ப்யூட்டர் வேறு இடத்தில் இருக்கும். அதனால்தான் ஸ்க்ரீன் உறைந்து போனாலும் குளிர்காற்று கடைசியாக வைத்த அளவிலேயே வந்துகொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேவும்

போனில் இருப்பதைக் கார் ஸ்க்ரீனில் கொண்டுவரும் வசதிகள் இவை. ஐபோனுக்கான கார்ப்ளே 2014லும் ஆண்ட்ராய்டு போனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015லும் வந்தன. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: படத்தை வரைவது போன். வரைந்ததை வீடியோவாகக் காருக்கு அனுப்புகிறது. செட் அதைக் காட்டுகிறது. நீங்கள் எங்கே விரல் வைத்தீர்கள் என்பதை மட்டும் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. மேப், பாட்டு ஆப், மெசேஜ் வாசிப்பது எல்லாம் போனின் மூளையில் நடக்கிறது, இன்டர்நெட்டும் போனின் டேட்டாவிலிருந்து போகிறது.

இது புரிந்தால் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும். மேப் திணறினால் காரின் அப்டேட்டைத் தேடக் கூடாது. போனைத் தொட்டுப் பாருங்கள், கொதித்துக்கொண்டிருக்கும். நேற்றுவரை வந்த ஆப் இன்று ஸ்க்ரீனில் இல்லையென்றால் போனில் அந்த ஆப் அப்டேட் ஆகியிருக்கும், அல்லது அனுமதி ஒன்று போயிருக்கும். போன் மாற்றியதும் எல்லாம் வேகமாகிவிட்டது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. கார் அதே கார்தான், வரைகிற கை மாறிவிட்டது.

ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் என்பது வேறு விஷயம். அதில் போன் தேவையில்லை. செட்டின் இயங்குதளமே ஆண்ட்ராய்டு. 2020ல் வந்த போல்ஸ்டார் 2தான் கூகுள் மேப்போடு இப்படி வந்த முதல் கார். இந்த வகைக் கார்களுக்குச் சொந்த சிம் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் போனைச் சில வருடத்தில் மாற்றிவிடுகிறோம், காரைப் பதினைந்து வருடம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் 2022ல் 3ஜி நெட்வொர்க்குகளை மூடியபோது, 3ஜி மோடம் இருந்த எத்தனையோ கார்களில் இணையச் சேவைகள் அப்படியே நின்றுபோயின. அதனால் கார் வாங்கும்போது சொந்த மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும், போனை ஸ்க்ரீனில் கொண்டுவரும் வசதியும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய எலக்ட்ரிக் கார்களில் இந்த வசதியைக் கைவிடுவதாக 2023ல் அறிவித்தது. எல்லாக் காரிலும் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது.

இணைப்பு தகராறு செய்தால்

என்னிடம் வருகிற புகார்களில் அதிகம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கேபிள். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு வயர்கள்: இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சில மலிவான கேபிள்களில் டேட்டா வயர் இரண்டும் இருக்கவே இருக்காது. போன் சார்ஜ் ஏறும், ஸ்க்ரீனில் ஒன்றும் வராது. அந்தக் கேபிளில் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாருங்கள். ஃபைல்கள் தெரியவில்லையென்றால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். அடுத்து காரின் சாக்கெட். இரண்டு மூன்று யுஎஸ்பி சாக்கெட் இருக்கும் காரில் பெரும்பாலும் ஒன்றில்தான் டேட்டா வரும், மற்றவை சார்ஜுக்கு மட்டும். எது என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அப்புறம் போனின் சார்ஜ் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். பாக்கெட்டில் இருக்கும் பஞ்சும் தூசியும் அடியில் போய்க் கெட்டியாக அமுங்கிக் கிடக்கும். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நிற்கும். குழி மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வருவதற்கு அதுவே போதும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெதுவாகக் கெல்லி எடுங்கள். ஊசி, பின் எதையும் உள்ளே விடாதீர்கள்.

வயர்லெஸ் என்றால் நடப்பது வேறு. ப்ளூடூத்தில் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ப்ளூடூத் செய்வது அறிமுகம் மட்டும்தான்: காரும் போனும் அதில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, வைஃபை பாஸ்வேர்டைக் கைமாற்றிக்கொள்கின்றன. படம் முழுவதும் அதற்குப் பிறகு வைஃபையில்தான் ஓடுகிறது, பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். ஆகவே போனில் வைஃபையை அணைத்து வைத்திருந்தால் வராது. பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் தகராறு செய்யலாம். விபிஎன் ஓடினாலும் அப்படியே. வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது மட்டும் இணைப்பு இழுத்துக்கொண்டே இருந்தால், போன் வீட்டு வைஃபையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.

நீண்ட பயணத்துக்கு நான் கேபிளைத்தான் சொல்வேன். ஜிபிஎஸ், வைஃபை, வயர்லெஸ் சார்ஜ் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் போன் சூடாகும், சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திருப்பம் வரும் நேரத்தில் மேப் பின்தங்கி நிற்பது பல சமயம் இதனால்தான்.

வெறும் ப்ளூடூத் மட்டும் இருக்கிற செட்டில் "பாட்டு வருது, போன் பேச முடியல" என்று ஒரு புகார் உண்டு. ப்ளூடூத்தில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி, பெயர்ப் பட்டியலுக்கு ஒரு வழி என்று தனித்தனியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலில் கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தட்டினால் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் தெரியும். எது அணைந்திருக்கிறதோ அதைப் போட்டால் சரி. இன்னொன்று: பேச்சுக்கான வழி குறுகியது. பாட்டு ஸ்டீரியோவில் விநாடிக்கு 44,100 மாதிரிகளாக வரும்போது, பேச்சு ஒற்றைச் சேனலில் 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் வருகிறது. போனில் பேசும்போது குரல் தகர டப்பாவில் வருவதுபோல் இருந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

ப்ளூடூத்தில் காரையும் போனையும் திரும்பப் புதிதாக இணைக்க வேண்டி வந்தால் பழைய பதிவை இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் முறை இணையும்போது காரும் போனும் ஒரு ரகசியச் சாவியை ஆளுக்கொன்றாக எடுத்து வைத்துக்கொள்கின்றன. போனில் மட்டும் அழித்தால் கார் பழைய சாவியோடு காத்திருக்கும், புதியதை நம்பாது. காரின் பட்டியலிலும் போனின் பட்டியலிலும் நீக்கி, இரண்டையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் புதிதாக இணையுங்கள்.

பென்டிரைவ் பற்றி ஒரே வரி: பெரும்பாலான செட் படிப்பது ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததை, என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் காலி என்றே காட்டும்.

சத்தம்

பெட்டியில் 50 வாட் × 4 என்று போட்டிருந்தால் அதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதற்கு மேல் போக முடியாது. 4 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமான அலையாக அதிகபட்சம் 26 வாட் வரலாம். உள்ளே வீணாவதைக் கழித்தால் 20 வாட்டை ஒட்டி. 50 என்பது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தின் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஆம்ப் வேண்டும், வேறு வழி இல்லை.

ஆனால் நிறையக் கார்களில் அது தேவைப்படுவதே இல்லை. போனின் வால்யூமை முழுசுக்குப் பக்கத்தில் வைத்து, காரின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். போன் பாதியில் இருந்து காரை முழுசாக ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். பேஸ் போதவில்லை என்றால் ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவதற்குப் பதிலாக மற்றதைச் சற்று இறக்கிப் பாருங்கள். முன்பின் சமன் செய்யும் ஃபேடரை ஓட்டுபவருக்குத் தகுந்தபடி கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். இவ்வளவிலேயே வித்தியாசம் தெரியும்.

உறைந்து போனால்

பவர் பட்டனையோ வால்யூம் குமிழையோ பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் பல செட்கள் ரீஸ்டார்ட் ஆகும். உங்கள் காருக்கு எது என்பது புத்தகத்தில் இருக்கும். முதலில் அதைச் செய்யுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுவது கடைசி வழி. அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சில பழைய செட்கள் கரண்ட் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் பேட்டரியைத் தொடாதீர்கள்.

உறைவதற்குக் காரணம் எங்கிருந்தும் வரலாம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரை வந்த மஸ்டா கார்கள் பலவற்றில் செட் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. ரேடியோ 94.9 எஃப்.எம். நிலையத்தை விட்டு நகரவும் இல்லை. அந்த நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பிய படங்களில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி விட்டுப்போயிருந்தது. அதைச் செட்டால் ஜீரணிக்க முடியவில்லை. ரேடியோகூட இப்போது டேட்டாதான்.

மெதுவாக வருடக்கணக்கில் மந்தமாகி, பின் அடிக்கடி உறைவது வேறு வகை. உள்ளே இருக்கும் மெமரி சிப்புக்கு இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு ஆயுள் உண்டு. டெஸ்லா தன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 1,35,000 வண்டிகளை 2021ல் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: 8 ஜிபி சிப் எழுதி எழுதித் தேய்ந்து, ஸ்க்ரீனோடு ரிவர்ஸ் கேமராவும் போய்விடும் நிலை. உங்கள் செட் இப்படி மந்தமாகிறது என்றால் ரீஸ்டார்ட் செய்து செய்து ஓட்டாமல் சீக்கிரமே சர்வீஸில் காட்டுங்கள்.

அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 2015ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோகியின் செட்டுக்குள் மொபைல் நெட்வொர்க் வழியாக நுழைந்து, அங்கிருந்து கேன் பஸ்ஸை எட்டி எஞ்சினின் இழுவையையே துண்டித்துக் காட்டினார்கள். 14 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அப்டேட்டை வண்டி நிற்கும்போது, பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது போடுங்கள். நடுவில் அணைக்காதீர்கள். பென்டிரைவில் போடுவதென்றால் உங்கள் மாடலுக்கு என்றே கம்பெனி தந்த ஃபைலைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

வெளியே வாங்கிப் பொருத்தும் செட்

பழைய காருக்கு இது நல்ல வழி. டேஷ்போர்டில் செட் உட்காரும் ஓட்டையின் அளவை டின் என்போம்: ஒற்றை டின் 180 × 50 மி.மீ., இரட்டை டின் 180 × 100 மி.மீ. ஒன்பது, பத்து அங்குல ஸ்க்ரீன்களுக்கு உங்கள் காருக்கென்றே வார்த்த சட்டம் வேண்டும். அதோடு உங்கள் காரின் கப்ளரில், அதாவது வயர்கள் வந்து சேரும் பிளக்கில், நேராகச் செருகும் ஹார்னஸ் என்ற வயர்க் கட்டு, ஸ்டீரிங் பட்டன்கள் வேலை செய்ய கேன் பஸ் டிகோடர் என்ற குட்டிப் பெட்டி. இவை இருந்தால் ஒரு வயர்கூட வெட்ட வேண்டியதில்லை. கப்ளரை வெட்டத்தான் வேண்டும் என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

புதுச் செட்டின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் லைன், சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைன், கறுப்பு எர்த். வெள்ளை ஜோடி முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காரின் பக்கம் இந்த நிறங்கள் பொருந்தாது, ஆகவே மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் மாறிவிட்டால் சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம், ஸ்டேஷன், செட்டிங் எல்லாம் மறந்துபோகும். இரண்டையும் சேர்த்து நிரந்தர லைனில் கொடுத்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. செட் போட்ட பிறகு பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் முதலில் இந்த இரண்டு வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு செட்களில் செட்டிங்கில் தெரியும் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் ரேம் (RAM) அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணை மாற்றிக் காட்டுவது சுலபம். கடையில் செட்டை அணைத்துப் போட்டு, ரிவர்ஸ் லைன் கொடுத்தால் கேமரா எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். 2018 மே முதல் அமெரிக்கப் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக இருக்கும் விதி, ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும் என்கிறது. எந்த ஊர் வண்டிக்கும் அது நல்ல அளவுகோல். பின்னால் குழந்தை நிற்கலாம்.

ஓட்டும்போது

1986ல் பியூக் ரிவியராவில் டச் ஸ்க்ரீன் வந்த காலத்திலிருந்தே ஒரு குறை இருக்கிறது: பட்டனை விரலே தேடிக்கொள்ளும், ஸ்க்ரீனைக் கண்தான் தேட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் போய்விடும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2013ல் தந்த வழிகாட்டுதல், ஒரு பார்வை 2 விநாடிக்கும், ஒரு வேலை மொத்தம் 12 விநாடிக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப்பும் 2026லிருந்து இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு இவற்றுக்கு உண்மையான பட்டனோ லீவரோ வைத்த கார்களுக்குத்தான் இதில் முழு மதிப்பு தருகிறது.

அதனால் கார் எடுக்கப் போகும்போது சேல்ஸ்மேன் காட்டும் வண்ணப் படங்களை விட்டுவிடுங்கள். நிறுத்திய காரில் உட்கார்ந்து, கண்ணை எதிரே வைத்துக்கொண்டே சத்தத்தைக் குறையுங்கள், முன் கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் காற்றைப் போடுங்கள், வந்த போனை எடுங்கள். முடிகிறதா? முடியவில்லையென்றால் எனக்கு அந்த ஸ்க்ரீன் எவ்வளவு பெரியது என்பதில் அக்கறை இல்லை. சொந்தக் காரில் போக வேண்டிய இடத்தைப் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள். மற்றதற்கு ஸ்டீரிங்கில் உள்ள பேச்சு பட்டனைப் பழகுங்கள்.

விற்கும்போது

பழைய கார் வேலைக்கு வரும்போது, முன்பு வைத்திருந்தவரின் போன் பட்டியல், யாரிடம் எப்போது பேசினார், மேப்பில் "வீடு" என்று போட்ட முகவரி எல்லாம் செட்டில் அப்படியே கிடப்பதைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. மொசில்லா அமைப்பு 2023ல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. கம்பெனி எடுப்பதை நாம் ஓரளவுதான் தடுக்க முடியும், செட்டில் கிடப்பதை நாமே அழித்துவிடலாம். செட்டிங்கில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆன பிறகு போன் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேட் திறக்கும் ரிமோட்டைக் காரில் பதிந்து வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். அப்புறம் உங்கள் போனில் இருக்கும் கார் கம்பெனி ஆப்பில் போய் அந்தக் காரை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். செட்டை ரீசெட் செய்தால் இது தானாகப் போகும் என்று சொல்ல முடியாது. போகாவிட்டால், வாங்கியவர் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்பது உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் பழைய கார் வாங்குகிறவர் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் விற்கிறவர் இதை உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.